விதை எடுத்த எலியும் வேர்க்கடலை லெக்டினும்: நியூராமினிடேஸ் போட்டீங்களா, இல்லையா?

கீழ்ப்பாக்கம்_பிஜி: ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன் போச்சுன்னா, புராஸ்டேட் சுரப்பியில இருக்கிற கிளைக்கோகாஞ்சுகேட், அதாவது சர்க்கரை ஒட்டின புரதம், கொழுப்பு எல்லாமே போயிடும். என் ஸ்லைடுல, சாதாரண எலியோட வென்ட்ரல் லோப்ல (புராஸ்டேட்டோட வயித்துப்பக்கப் பகுதி), செல்லோட மேல்விளிம்புல வேர்க்கடலை லெக்டின், அதாவது சர்க்கரையில போய் ஒட்டுற புரதம், பழுப்புக் கோடா நிக்குது. விதை எடுத்த எலியில, அதாவது ஆண்ட்ரோஜன் சுரக்கிற விரையை வெட்டி எடுத்த எலியில, அந்தக் கோடே இல்ல. வயசான ஆம்பளைங்களுக்கும் இதேதான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

வேப்பேரி_ஹிஸ்டோ: "எல்லாமே"யா? ஒரு லெக்டின் ஒட்டலன்னா சர்க்கரையே இல்லன்னு ஆயிடுமா? வேர்க்கடலை லெக்டின் தேடுறது கேலக்டோஸ், என்-அசிடைல்கேலக்டோசமின் ஜோடியை. அது மேல சயாலிக் அமிலம்னு இன்னொரு சர்க்கரை உக்காந்திருந்தா லெக்டின் கிட்டவே போகாது. நியூராமினிடேஸ்ங்கிற நொதியைப் போட்டு சயாலிக் அமிலத்தை எடுத்துட்டு, அப்பவும் நிறம் வரலன்னா பேசுங்க. போட்டீங்களா?

கீழ்ப்பாக்கம்_பிஜி: சார், விதை எடுத்து 2, 3 வாரத்துல வென்ட்ரல் லோப்ல சுரப்புச் செல்லுங்க பெரும்பாலும் செத்தே போகுது. வீடே இடிஞ்சப்புறம் கதவுல பூட்டு இருக்கான்னு பாக்கச் சொல்றீங்க.

வேப்பேரி_ஹிஸ்டோ: கேட்டதுக்கு பதில் இல்ல. நியூராமினிடேஸ் போட்டீங்களா? செத்தது சுரப்புச் செல். அடியில இருக்கிற பேசல் செல் பெருமளவு தாங்கி நிக்குது. டெஸ்டோஸ்டிரோனைத் திருப்பிக் கொடுத்தா சுரப்பியே மறுபடி வளருது. கிளஸ்டெரினும் சர்க்கரை ஏறின புரதம்தான். விதை எடுத்த எலியோட அதே வென்ட்ரல் லோப்ல அதோட எம்.ஆர்.என்.ஏ., அதாவது அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்ற மரபணு நகல், ஏறுது. ஏறுது தம்பி, இறங்கல. அப்புறம் வயசானவங்களை ஏன் இழுத்தீங்க? அவங்க புராஸ்டேட் வீங்கித்தானே ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க?

அண்ணாநகர்_மகள்: நடுவுல ஒரு கேள்வி. அப்பா புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. சாப்பிடறார். பி.எஸ்.ஏ., அதான் புராஸ்டேட் புற்று இருக்கான்னு பாக்கிற ரத்தப் பரிசோதனை எண், பாதியா குறைஞ்சிருக்கு. இனி பயம் இல்லதானே?

வேப்பேரி_ஹிஸ்டோ: அப்படி எடுத்துக்காதம்மா. டெஸ்டோஸ்டிரோன், அதைவிட வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனா மாறுறதை அந்த மாத்திரை தடுக்குது. பி.எஸ்.ஏ. உற்பத்தியே ஆண்ட்ரோஜன் பிடியில இருக்கறதால 6 மாசத்துலேர்ந்து 1 வருஷத்துக்குள்ள எண் ஏறக்குறைய பாதியாகும். அதனால டாக்டருங்க அதை ரெண்டால பெருக்கித்தான் பாப்பாங்க. மாத்திரை சாப்பிடறார்னு யூராலஜிஸ்ட்கிட்ட கட்டாயம் சொல்லு.

கீழ்ப்பாக்கம்_பிஜி: பாத்தீங்களா! பி.எஸ்.ஏ.வே கிளைக்கோபுரதம், சர்க்கரை ஏறின புரதம். ஆண்ட்ரோஜன் போனா அது குறையும்னு நீங்களே சொல்லிட்டீங்க. 1941ல ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் புராஸ்டேட் புற்று நோயாளிகளுக்கு விதை எடுத்து, ரத்தத்துல ஆசிட் பாஸ்படேஸ்ங்கிற புராஸ்டேட் நொதி இறங்குறதைக் காட்டினாங்க. அதுவும் கிளைக்கோபுரதம்தான். ஹக்கின்ஸுக்கு 1966ல நோபல் கொடுத்தவங்க நியூராமினிடேஸ் போட்டியான்னு கேக்கல.

வேப்பேரி_ஹிஸ்டோ: ஹக்கின்ஸ் அளந்தது ரத்தத்துல. நீங்க அடிச்சுப் பேசறது திசுவைப் பத்தி. குறையுறதும் எல்லாமே போறதும் ஒண்ணா? அவர் பேரைச் சொல்லி உங்க ஸ்லைடுக்கு முட்டுக் கொடுக்காதீங்க.

பெரம்பூர்_வெட்: ரெண்டு பேரும் எலியைக் கட்டிட்டு அழறீங்க. எலியோட வென்ட்ரல் லோபுக்கு மனுஷன்ல நேர் இணையே கிடையாது. மனுஷனுக்கு மெக்நீல்ங்கிற நோய்க்கூறு நிபுணர் பிரிச்ச மண்டலக் கணக்கு. வீக்கம் வர்றது உள்ளே இருக்கிற டிரான்சிஷன் மண்டலத்துல, புற்று அதிகமா வர்றது வெளிப்பக்கப் பெரிஃபெரல் மண்டலத்துல. நாயை எடுத்துப் பேசுங்க. வயசானா நாய்க்கும் தானா வீங்குது, விதை எடுத்தா சுருங்குது.

வேப்பேரி_ஹிஸ்டோ: வந்துட்டாரு. தைராய்டு திரியில என் ஸ்லைடைப் பாக்காமலே "ஃபிக்சேஷன் சரியில்ல", திசுவைக் கெடாம பதப்படுத்தலன்னு தீர்ப்பு சொன்னது நீங்கதானே?

பெரம்பூர்_வெட்: இப்பவும் அதேதான் சொல்றேன். சித்திரை வெயில்ல திசுவை மேஜையில வச்சுட்டு டீ குடிக்கப் போனா செல் கரையத்தான் செய்யும்.

வேப்பேரி_ஹிஸ்டோ: வெட்டின நிமிஷமே ஃபார்மலின்ல போட்டது அது! நேர்ல நின்னு பாத்தீங்களா?

கீழ்ப்பாக்கம்_பிஜி: ஸ்லைடு வெட்டுறது வேற, படிக்கிறது வேற சார்.

வேப்பேரி_ஹிஸ்டோ: படிக்கிறவங்களுக்கு ராத்திரி வரைக்கும் திசு சீவுற மைக்ரோடோம் சுத்தி ரிப்பன் எடுத்துக் கொடுத்தவன் நான். தீசிஸ்ல நன்றின்னு ஒரு வரிகூட வராது, அதைப் பத்தி இப்ப பேசல. திசு வச்ச ஒரே மெழுகு பிளாக்ல அடுத்தடுத்து மூணு செக்‌ஷன் எடுங்க. முதல்ல நொதி கலந்த பஃபர், ரெண்டாவதுல வெறும் பஃபர். ஈரப்பெட்டியில 37 டிகிரியில வச்சு, கழுவி, லெக்டின் விடுங்க. மூணாவதுக்கும் நொதி போட்டுட்டு, லெக்டினைக் கேலக்டோஸோட கலந்து விடுங்க. அங்க நிறம் வரக்கூடாது. நொதி போட்டதுல மட்டும் பழுப்பு வந்தா, சர்க்கரை அங்கயேதான் இருந்திருக்கு, உங்க கண்ணுக்குத் தெரியல. போட்டீங்களா?

கீழ்ப்பாக்கம்_பிஜி: எங்க கைடு கேக்கல. வைவாவும் முடிஞ்சாச்சு.

வேப்பேரி_ஹிஸ்டோ: கைடு கேக்கலன்னா எலியோட திசு மாறிடுமா?

பெரம்பூர்_வெட்: நாய்னு சொன்னேன். யாராவது படிச்சீங்களா?

கீழ்ப்பாக்கம்_பிஜி: என் ஸ்லைடுல கோடு இல்ல. எல்லாமே போச்சுன்னுதான் சொல்வேன்.

வேப்பேரி_ஹிஸ்டோ: சுத்தி வளைக்காதீங்க தம்பி. நியூராமினிடேஸ் போட்டீங்களா, இல்லையா?