ஓநாய்க் காசும் ஒற்றைக் கொடியும்: கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கல நாணயங்களோடு என் அனுபவம்

உரோமானிய வெண்கலக் காசுகளில் பேரரசரின் முகத்தைவிடப் பின்பக்கத்து உருவங்களே என்னை ஈர்த்துவருகின்றன. இந்த ஈடுபாட்டைத் தொடங்கிவைத்தது, லண்டனில் ஒரு நாணய வணிகரிடம் மண் அப்பிய நிலையிலேயே வாங்கிய ஒரு சிறு காசு. அதைக் காய்ச்சி வடித்த நீரில் பல வாரங்கள் ஊறவைத்து, மரக்குச்சியால் மண்ணை மட்டும் நெம்பி எடுத்தேன். களிம்பைச் சுரண்டினால் உருவத்தின் நுண்கோடுகளும் சேர்ந்தே போய்விடும் என்பதால் அதைத் தொடவில்லை. முதலில் ஓநாயின் முதுகு தெரிந்தது. அடுத்து, பின்னோக்கித் திரும்பிய அதன் தலையும், மடியில் பால் குடிக்கும், ரோம் நகரத் தோற்றக் கதையின் இரட்டையரான ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளும், அவர்களுக்கு மேலே இரண்டு விண்மீன்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முன்பக்கத்தில் பேரரசர் இல்லை. ரோம் நகரின் உருவகமான, தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி இடப்புறம் நோக்கியிருக்கிறாள். கி.பி. 330 மே 11 அன்று கான்ஸ்டான்டிநோபிள் நகரம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டதை ஒட்டி வெளிவந்த வரிசை இது. இதன் இணைக் காசில் புதிய தலைநகரே பெண்ணுருவம் கொண்டிருக்க, பின்பக்கத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை கப்பலின் முகப்பில் கால் பதித்து நிற்கிறாள். கிறித்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன், பழைய நகரமான ரோமின் மக்களுடைய மனம் நோகக்கூடாது என்று எண்ணியே அவர்களுடைய தொன்மக் கதையைக் காசில் நிலைநிறுத்தினார் என்று நான் கருதுகிறேன். விண்மீன்களைக் காஸ்டர், பொல்லக்ஸ் என்னும் இரட்டைத் தேவர்களின் அடையாளமாகக் கொள்வோர் பலர். இரட்டைக் குழந்தைகளுக்கு மேலே அவை அமைந்திருப்பதால் எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஓநாயின் காலடிக் கோட்டுக்குக் கீழே இருந்த மூன்று எழுத்துகள், அது இன்றைய ஜெர்மனியிலுள்ள டிரியர் நகரத்து அக்கசாலையின் (நாணயச் சாலையின்) முதற்பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டின.

அதே காலத்துப் படைவீரர் காசுகளையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் புலப்படும். தொடக்கத்தில் இரு வீரர்களுக்கு இடையே இரண்டு படைக்கொடிகள் இருந்தன. 335ஆம் ஆண்டை ஒட்டி எடை குறைக்கப்பட்டபோது ஒரே கொடிதான் எஞ்சியது. ஆகவே தராசு இல்லாமலே, கொடிகளை எண்ணி, எடை குறைப்புக்கு முந்தியதா பிந்தியதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இலங்கையில் பெருமளவிலும் மதுரைப் பகுதியிலும் 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமானியச் சிறு காசுகள் கிடைத்துள்ளன. அப்படித் தேய்ந்த காசைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தோன்றுவதிலும் ஈட்டியும் கொடிக்கம்பமும் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.