ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்கு: பெட்டியைக் குறைப்பது எப்படி

ஜெர்மனியில் சாமான் சேர்ப்பது செலவு பிடிக்கிற பழக்கம். காரணம் வீடுதான். பல வாடகை வீடுகளில் சமையல் மேடை, சிங்க், அடுப்பு எதுவுமே இருக்காது; கூரையில் விளக்குக்குப் பதில் வயர் தொங்கும். முன்பு இருந்தவர் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நீங்கள் வாங்கி மாட்டினால் காலி செய்யும்போது நீங்களும் கழற்ற வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடிக்கு சோபா தூக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்! முதல் வருஷம் வாடகை கொஞ்சம் கூடினாலும் சாமான்களோடு கிடைக்கும் வீடாகப் பாருங்கள்.

பெட்டியில் முதலில் வெளியே எடுக்க வேண்டியவை புத்தகங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் விமானத்தில் ஒரு பெட்டிக்கு வழக்கமாக விடும் 23 கிலோவில் அவைதான் அதிகம் தின்னும். ஒரு கிண்டில் போதும். பழந்தமிழ் நூல்கள் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாக இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கியது அது, முன்னின்று நடத்தியவரும் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஒரு தமிழர்தான். ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் வேண்டுமென்றால் ‘நூலகம்’ என்ற இணையதளம்.

சார்ஜர்களையும் மூட்டை கட்ட வேண்டாம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் ஃபோன், டேப்லெட்டுகளுக்கு டைப்-சி கட்டாயம். உங்கள் லேப்டாப்பும் டைப்-சியில் ஏறுமென்றால் 65 வாட் சார்ஜர் ஒன்று பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஆகும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவருக்குள். 20,000 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 74, பிரச்சினை இல்லை.

சமையலறையில் மட்டும் மினிமலிசம் பேச வேண்டாம். மிக்ஸியைக் கொண்டு வாருங்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், நன்றாக ஓடும். மூன்று பின் பிளக் மட்டும் பொருந்தாது. அதற்கு எர்த் உள்ள, மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் அடாப்டர் வேண்டும். ஃபோனுக்கான பயண அடாப்டரில் மிக்ஸியைச் செருகாதீர்கள். குக்கர் எடுப்பதானால் தட்டையான அடியுள்ள, இண்டக்‌ஷனுக்கும் ஆகும் எவர்சில்வர் குக்கராக எடுங்கள். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் சுமக்க வேண்டாம். பெரும்பாலான பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடை இருக்கும்.

அப்புறம் ஃபோன். வீட்டுச் சாவியைத் தவிர டிக்கெட், வங்கி என எல்லாம் அதற்குள் போய்விடும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்தரப் பயணச் சீட்டைப் பெரும்பாலோர் ஃபோனில்தான் வைத்திருக்கிறார்கள் (விலை இப்போது ஏறிவிட்டது). உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அது செல்லும் என்பதால் பலருக்குக் கார் யோசனையே வராது. ஆனால் எல்லாமே ஒரே கருவியில் இருப்பது ஆபத்து. ஊரில் தூக்கிப்போட நினைத்த பழைய ஃபோனைக் கொண்டு வந்து, இணையக் கணக்குகளின் மீட்புக் குறியீடுகளையும் சான்றிதழ் நகல்களையும் அதிலும் வைத்துவிடுங்கள். ஜெர்மன் எண்ணை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போட்டால் இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கி, ரீசார்ஜையும் விடாமல் பாருங்கள். ஊர் வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

காகிதத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். டிஜிலாக்கரைக் காட்டினால் இங்கே அதிகாரி அசைய மாட்டார். பிறப்பு, திருமண, பட்டச் சான்றிதழ்களின் அசல் வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் ஒன்று கேட்பார்கள். வரி எண் தபாலில்தான் வரும், பல வங்கிகளின் பின் எண்ணும் அப்படியே. அதனால் குடிபுகுந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.