கைமாறிய தோட்டத்தில் சார்டொனே சுவை மாறுமா?

கேள்வி (விசுவமடு): பிரான்சின் சாப்ளியில் என் மைத்துனர் வேலை செய்யும் தோட்டம் அண்மையில் கைமாறியுள்ளது. ஒரே நிலத்துண்டின் பழத்தில் மட்டும் செய்யப்படும் அதன் சார்டொனே (ஒரு வெள்ளை முந்திரிகை இனம்) வைனின் சுவை இனி மாறிவிடுமா? பந்தலில் இஸ்ரேல் புளூ முந்திரிகை வளர்க்கும் எனக்கு இது விளங்கவில்லை.

பதில் (கிளிநொச்சி): மண் மாறாது, தம்பி. அங்குள்ள சுண்ணாம்புக் களியில் சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன; குளிரில் பழம் மெதுவாக முதிர்வதால் புளிப்பும் கெடாமல் நிற்கிறது. ஆனால் அறுவடை நாளையும், வைனை வைப்பது ஓக் பீப்பாயிலா உருக்குத் தொட்டியிலா என்பதையும் புதிய உரிமையாளரே தீர்மானிப்பார் என்பதால், பழைய வேலையாட்களை வைத்துக்கொள்வாரா என்றே நான் முதலில் கேட்பேன்.

பதில் (மாங்குளம்): சார்டொனே முந்தித் துளிர்ப்பதால் உறைபனி இளந்துளிரைக் கருக்கிவிடும். 2021 ஏப்ரலில் அங்கு கொடி வரிசைகளுக்கிடையே இரவிரவாக மெழுகு வாளிகளைக் கொளுத்திக் காத்தார்கள்; அந்தக் கைப்பழக்கம் விலைக்கு வராது.

கேட்டவர்: நன்றி அண்ணா. கொடி கத்தரிக்கும் பழையவர்கள் மூவரும் தொடர்கிறார்களாம்.