2014 பி.எம்.டபிள்யூ 320டி: செயின் சத்தம் குறித்து ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. கல்லடியில் விற்பனைக்கு வந்துள்ள 2014ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 320டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். மனம் அதிலேயே நிற்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால், காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியபோது, தகரப் பேணியில் சில்லறையைக் குலுக்கியதுபோன்ற சத்தம் எஞ்சினின் பின்பக்கத்தில் சில வினாடிகள் கேட்டு அடங்கியது. இந்த என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) பின்னால், கியர்பொக்ஸ் பக்கமாக அமைந்திருப்பதால், சத்தம் அதிலிருந்துதானோ என்று சந்தேகம்; அதை மாற்றுவதும் பெரிய வேலை. "டீசல் என்றால் அப்படித்தான் தம்பி" என்கிறார் விற்பவர். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசென்று காட்டவும் அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே, மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ, செயினின் நிலையையும், கடற்காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பார்த்து நேர்மையாகச் சொல்லக்கூடிய கராஜ் எதுவென்று, இவ்வகைக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.