இருவழிக் கண்ணாடியில் முகமூடி ஒட்டவில்லை

பாவைநிழல்:
பார்வையாளர் தனியாக நின்றால் வெறும் முகம். பக்கத்தில் இன்னொருவர் வந்ததும் இருவர் முகத்திலும் முகமூடி ஏற வேண்டும். இதுதான் படைப்பு. இருவழிக் கண்ணாடி (முகத்தையும் காட்டும், பின்னாலிருக்கும் திரையின் ஒளியையும் விடும்), பின்னால் முகமூடியைக் காட்டும் 43 அங்குலத் திரை, மேலே வெப்கேம், முகத்தைக் கண்டறிய மீடியாபைப் மென்பொருள். முகமூடி இரண்டாகத் தெரிகிறது, நடுங்குகிறது, சமயத்தில் ஆள் மாறி உட்காருகிறது. என்ன செய்யலாம்?

ஒளிக்கோணம்:
இரண்டாகத் தெரிவதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது. 1 மீட்டர் தள்ளி நிற்பவரின் பிம்பம் கண்ணாடிக்குள் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும். முகமூடியோ திரைப்பரப்பிலேயே, பாதித் தூரத்தில். கண்கள் பிம்பத்தில் குவியும்போது முகமூடி பிரிகிறது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும், பாருங்கள். அப்போதும் பக்கத்தில் நிற்பவருக்கு அது உங்கள் தோளில்தான் தொங்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமரா காட்சியை இடவலம் மாற்றித் திரையில் காட்டி, அதன்மேல் வரையுங்கள். மாயம் கொஞ்சம் குறையும்தான்.

கம்பிவலை:
நடுக்கத்துக்கு ஒன் யூரோ ஃபில்டர் (அசைவின் வேகத்துக்கேற்ப நடுக்கத்தை வடிகட்டும் கணக்கீடு). அதன் இரண்டு அளவுகளை, பீட்டா 0, குறைந்தபட்ச கட்ஆஃப் 1 ஹெர்ட்ஸ் என வைத்துத் தொடங்குங்கள். ஆள் அசையாமல் நிற்கும்போது நடுக்கம் நிற்கும்வரை கட்ஆஃபைக் குறையுங்கள். பிறகு தலையை வேகமாகத் திருப்பச் சொல்லி, முகமூடி பின்தங்காத அளவுக்கு பீட்டாவை ஏற்றுங்கள். வெப்கேமின் தானியங்கி எக்ஸ்போஷரையும் (வெளிச்சத்துக்கேற்ப ஒளி வாங்கும் நேரத்தைத் தானே மாற்றுவது) அணையுங்கள். அரங்கு இருட்டானால் அது ஷட்டரை நீட்டி ஃப்ரேம் வேகத்தைக் குறைத்துவிடும், ஃபில்டர்மேல் பழி விழும்.

ஆள் மாறுவதற்குக் காரணம், மீடியாபைப் முகங்களுக்குத் தரும் வரிசை எண் நிலையானதல்ல. முந்தைய ஃப்ரேமில் மூக்குநுனி எங்கே இருந்ததோ, அதற்கு மிக அருகில் உள்ள முகத்துக்கே பழைய முகமூடியைக் கொடுங்கள்.

பாவைநிழல்:
நன்றி, கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். 'பக்கத்தில் வந்துவிட்டார்' என்பதை எப்படி அளப்பது?

கம்பிவலை:
இரு மூக்குநுனிகளின் இடைவெளியை முக உயரத்தால் வகுங்கள். கண்களின் இடைவெளி வேண்டாம்; தலை பக்கவாட்டில் திரும்பினாலே சுருங்கிவிடும். 5 மடங்குக்குள் வந்தால் மாட்டுங்கள், 7-ஐத் தாண்டினால் கழற்றுங்கள். ஒரே எல்லை வைத்தால் அதன் விளிம்பில் நிற்பவருக்கு முகமூடி மினுக்கும்.

ஒளிக்கோணம்:
ஏறுவது அரை நொடியில் நடக்கட்டும். இறங்குவதற்கு நாலைந்து நொடி விடுங்கள். மற்றவர் போன பிறகும் முகமூடி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் ஆட்கள் திரையை உற்றுப் பார்ப்பார்கள். சட்டென்று மறைந்தால் செல்ஃபி ஃபில்டர் மாதிரி ஆகிவிடும்.