பிளியா நாற்காலியின் துருவும் இறுகிய கீலும்: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் பொலோன்யாவில் வசிக்கும் நான், சென்ற மாதம் பழம்பொருள் சந்தை ஒன்றில் நான்கு பிளியா மடக்கு நாற்காலிகளை வாங்கினேன். இவ்வூரிலேயே பிறந்த ஜான்கார்லோ பிரெத்தி, காஸ்தெல்லி நிறுவனத்துக்காக 1967-இல் வடிவமைத்தது இது. குரோம் பூசிய எஃகுச் சட்டத்தையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இருக்கையையும் மூன்று உலோக வட்டுகள் கொண்ட ஒரே கீல் தாங்கி நிற்பதுதான், என்னைப் பொறுத்தவரை, இதன் முழு அழகும். மடக்கினால் பலகைபோல் சுவரோரம் சாய்ந்துவிடும்.

மூன்று நன்றாக உள்ளன. நான்காவதன் பின்காலில் கடுகளவு துருப்புள்ளிகள் பரவியிருக்கின்றன; கீலும் கிரீச்சிட்டுப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்த்ததில் மேல்துரு அகன்றது, ஆனால் நகத்தால் வருடினால் சிறு குழிகள் தட்டுப்படுகின்றன.

மறுபடியும் குரோம் பூசினால் பழைய மெருகு போய்விடும் என்று அஞ்சுகிறேன். குழிகளின்மீது மெழுகு மட்டும் பூசி விட்டுவிடலாமா? இருக்கையில் விரிசல் விழாதபடி கீலுக்கு எந்த எண்ணெயை இடலாம்? இவ்வகை நாற்காலியைக் கழற்றிப் பழக்கமுள்ளவர்கள், வட்டுகளைப் பிரிக்கும் முறையையும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.