ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு: யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம்?

மிட்விக்கெட்:
2017 ஆகஸ்டில் இலங்கையில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் ஷர்துல் தாக்குர் 10ஆம் எண் போட்ட ஜெர்சியில் இறங்கினார். ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். அவர் பிறகு 54க்கு மாறிக்கொண்டார், அந்த ஆண்டு முடிவதற்குள் சச்சினின் 10 இனி யாருக்கும் தரப்படாது என்று செய்தி வந்தது. 2023 டிசம்பரில் தோனியின் 7க்கும் அதே முடிவு.

இரண்டுமே சரியான முடிவு என்பது என் கருத்து. ஆனால் இனி ஓய்வுபெறும் ஒவ்வொரு பெரிய ஆட்டக்காரருக்கும் இதே கோரிக்கை எழும். அதனால் ஓர் அளவுகோல் வேண்டும். நான் வைப்பது இது: பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், அந்த விளையாட்டைப் பார்க்கும் எவருக்கும் ஒரே ஒருவரின் முகம்தான் மனதில் வர வேண்டும். கூடவே, அந்த அணிக்காகவே தன் நல்ல காலம் முழுவதையும் அவர் ஆடியிருக்க வேண்டும். எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். சச்சின், தோனி இருவரும் இதில் தேறுவார்கள். கோலியின் 18ம் தேறும். அதற்கு மேல் இந்திய அணியில் எனக்கு யாரும் தெரியவில்லை.

பத்தாம்எண்:
நான் முழுக்க எதிர்ப்பக்கம். எந்த எண்ணுக்கும் ஓய்வு வேண்டாம்.

கால்பந்தைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் 7 என்றால் பெஸ்ட், ராப்சன், கன்டோனா, பெக்காம், ரொனால்டோ என்று ஒரு வரிசையே நிற்கும். பெஸ்ட் போனதும் அதைப் பூட்டி வைத்திருந்தால் இந்த வரிசை ஏது? பார்சிலோனாவின் 10 ரொனால்டினோவிடமிருந்து மெஸ்ஸிக்கு வந்தது. இப்போது லமீன் யமாலிடம் இருக்கிறது.

இன்னொரு சம்பவம் போதும் என் தரப்பைச் சொல்ல. 2002 உலகக் கோப்பைக்கு முன் மரடோனாவுக்காக 10ஐ விட்டுவிட அர்ஜென்டினா முடிவு செய்தது. 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. கடைசியில் ஓர்டேகா அதை அணிந்தார். அன்றைக்கு ஃபிஃபா ஒப்புக்கொண்டிருந்தால், 2022இல் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது முதுகில் 10 இருந்திருக்காது. மரடோனாவின் எண்ணை மெஸ்ஸி அணிந்ததால் மரடோனாவுக்கு என்ன குறைந்துபோனது?

மிட்விக்கெட்:
யுனைடெட் உதாரணம் சரியாகப் பொருந்தாது. பெஸ்ட் காலத்தில் எண் ஆட்டக்காரருடையது அல்ல, இடத்துடையது. களத்தில் எங்கே நிற்கிறாரோ அதற்கேற்ப 1 முதல் 11 வரை தருவார்கள். பெஸ்ட்டே 11ஆம் எண்ணிலும் ஆடியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் சீசன் முழுக்க ஒரே எண் என்ற முறை இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 1993இல்தான் வந்தது. கிரிக்கெட்டில் நிலைமை வேறு. 7 என்றால் விக்கெட் கீப்பர் என்று எந்த மரபும் இல்லை. தோனி பிறந்தது ஜூலை 7, அதனால் எடுத்துக்கொண்டார். அவர் கொடுத்த பொருளைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது.

பார்சிலோனாவும் விரும்பிக் கைமாற்றியது என்று சொல்ல முடியாது. ஸ்பெயின் லீக் விதிப்படி முதல் அணி ஆட்டக்காரர்கள் 1 முதல் 25க்குள் அடங்க வேண்டும். ஓய்வு கொடுக்க வழியே இல்லை. மெஸ்ஸிக்குப் பிறகு 2021இல் அதை வாங்கிய அன்சு ஃபாட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்? காயத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பதின்வயதுப் பையன் முதுகில் அந்த எண்ணையும் ஏற்றினார்கள். ஓய்வு கொடுப்பது அடுத்து வருகிறவனுக்கும் செய்யும் நல்லதுதான்.

வலைக்காவலன்:
எல்லோரும் ரன்னும் கோலும் எடுத்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் 16ஐச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவடையாது.

1980க்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்குப் பதக்கமே இல்லாதிருந்தது. டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலை, கடைசி சில விநாடிகள், ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அதைத் தடுத்தவர் அவர். பாரிஸ் காலிறுதியில் நம் அணியின் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, பத்துப் பேரோடு பிரிட்டனைச் சமாளித்து ஷூட் அவுட் வரை கொண்டுபோய் வென்றோம். அந்த ஆட்டத்தில் வலைக்கு முன் அவர் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியதோடு ஓய்வுபெற்றார். சில நாட்களிலேயே ஹாக்கி இந்தியா 16ஆம் எண்ணுக்கு ஓய்வு அறிவித்தது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஓய்வு சீனியர் அணியில் மட்டும். ஜூனியர் அணியில் 16 தொடர்ந்து இருக்கும். அந்த ஜூனியர் பையன்களுக்குப் பயிற்சியாளராகப் போனவரும் ஸ்ரீஜேஷ்தான். பத்தாம்எண், நீங்கள் கேட்கும் வரிசையும் இதில் இருக்கிறது, மிட்விக்கெட் கேட்கும் மரியாதையும் இருக்கிறது.

ரன்னர்எண்ட்:
அளவுகோல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் தருகிறேன்.

2020இல் இங்கிலாந்தின் கால்பந்து அணியான பர்மிங்காம் சிட்டி ஜூட் பெல்லிங்காமின் 22க்கு ஓய்வு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 17. முதல் அணிக்கு ஆடியது ஒரே ஒரு சீசன். அடுத்து ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போகிறார், அதற்குள் எண்ணுக்கு ஓய்வு! அவர் பிற்பாடு பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்பது சரி. ஆனால் அந்தப் பெருமை எதுவும் பர்மிங்காம் ஜெர்சியில் வந்ததல்ல.

இரண்டாவது, கூடைப்பந்து அணியான மயாமி ஹீட். 2003இல் மைக்கேல் ஜோர்டனின் 23க்கு ஓய்வு கொடுத்தார்கள். ஜோர்டன் அந்த அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. சிகாகோ புல்ஸ் கொடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. மயாமி எதற்கு?

மிட்விக்கெட், உங்கள் இரண்டாவது நிபந்தனையை நான் அப்படியே ஏற்கிறேன். முதல் நிபந்தனையில்தான் எனக்குச் சண்டை. 'எவருக்கும் ஒரே முகம்' என்றால் அது தொலைக்காட்சியில் யாரை அதிகம் காட்டினார்கள் என்பதன் கணக்கு. பெண்கள் கிரிக்கெட்டில் மித்தாலி ராஜ் 1999 முதல் 2022 வரை நாட்டுக்காக ஆடினார், ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ரன். ஜூலன் கோஸ்வாமிக்கு 255 விக்கெட். அவர்கள் எண் என்ன என்று கேட்டால் உங்களில் எத்தனை பேர் யோசிக்காமல் சொல்வீர்கள்? உங்கள் அளவுகோலில் அவர்கள் தோற்பார்கள். அந்தத் தோல்வி அவர்கள் ஆட்டத்தால் வருவது அல்லவே.

பழைய ஸ்கோரர்:
இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். புகழுக்காகத் தொடங்கியதே அல்ல இது.

1933 டிசம்பரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றில் பாஸ்டனின் எடி ஷோர் பின்னாலிருந்து மோதி டொரன்டோவின் ஏஸ் பெய்லியைச் சாய்த்தார். பெய்லியின் மண்டை உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதோடு ஆட்டம் முடிந்தது. அடுத்த பிப்ரவரி 14 அன்று அவருக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடத்தினார்கள். அப்போதுதான் அவருடைய 6ஐ இனி யாரும் அணிய மாட்டார்கள் என்று டொரன்டோ அறிவித்தது. 1939இல் பேஸ்பாலில் லூ கெரிக்கின் 4. நரம்பு நோய் அவரை நடுவழியில் நிறுத்திவிட்டது. நம் காலத்திலும் 2014இல் பவுன்சர் பட்டு இறந்த ஃபில் ஹியூஸின் 64க்கு ஆஸ்திரேலியா ஓய்வு கொடுத்தது. 2003இல் களத்திலேயே சரிந்து இறந்த மார்க் விவியன் ஃபோவுக்காக மான்செஸ்டர் சிட்டி 23ஐ விட்டுவிட்டது.

ஆடி முடித்து, மாலை வாங்கி, கையசைத்து விடைபெற்றவருக்கு எல்லாமே கிடைத்துவிட்டது. ஆட்டம் பாதியில் பறிபோனவருக்கு அணி வேறு எதைத் தர முடியும்? என்னைக் கேட்டால் எண்ணின் ஓய்வு முதலில் இவர்களுக்குச் சேர வேண்டியது.

அடுத்து, விளையாட்டையே மாற்றியவர்கள். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கி, கறுப்பர்களுக்கு மேஜர் லீக் பேஸ்பாலில் இடமில்லை என்ற பல்லாண்டுத் தடையை உடைத்தார். சரியாக 50 ஆண்டு கழித்து 1997இல் அவருடைய 42க்கு எல்லா அணிகளிலும் ஓய்வு. ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். அந்த வரிசையில் கடைசி ஆள் மரியானோ ரிவேரா, 2013இல் விடைபெற்றார். இப்போது ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் எல்லா அணியிலும் எல்லா ஆட்டக்காரரும் 42ஐ அணிந்து இறங்குகிறார்கள். ஆண்டு முழுக்க யாருக்கும் இல்லாத எண் அன்று ஒருநாள் எல்லோருக்கும் உரியது. இதைவிட நல்ல மரியாதை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்டேயும் எனக்கு இந்த வகைதான். நிகரகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1972 டிசம்பர் 31 அன்று உதவிப் பொருள் கொண்டுபோனபோது விமானம் விழுந்து இறந்தார். அவருடைய 21க்குப் பிட்ஸ்பர்க் மறு ஆண்டே ஓய்வு கொடுத்தது.

சச்சினுக்கும் தோனிக்கும் அழியாத எண் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் தொப்பி எண். சச்சின் 187, தோனி 251. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் அது வேறு யாருக்கும் போகாது. முதல் ஆட்டத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும், ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவருக்கும்கூட, அந்த மரியாதை உண்டு.

பத்தாம்எண்:
பெய்லி கதையை ஐயா பாதியில் நிறுத்திவிட்டார். மீதி என் பக்கம் பேசுகிறது. 1968இல் ரான் எல்லிஸ் என்ற இளம் ஆட்டக்காரரைப் பார்த்துப் பிடித்துப்போய், என் 6ஐ இவர் அணியட்டும் என்று கேட்டவர் அந்தப் பெய்லியேதான்! தன் எண் சுவரில் தொங்குவதைவிடக் களத்தில் ஓடுவது அவருக்கு நன்றாக இருந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் 2012இல் டென்வர் அணிக்கு வந்த பேட்டன் மேனிங்குக்கும் அப்படித்தான் நடந்தது. அங்கே 18க்கு ஏற்கெனவே ஓய்வு. அதற்கு உரியவரான ஃபிராங்க் டிரிபுக்கா, தாராளமாக அணியட்டும் என்றார். ஏசி மிலானில் பாவ்லோ மால்டினியின் 3 ஓய்வில்தான் இருக்கிறது. ஆனால் அவர் பிள்ளைகள் முதல் அணிக்கு வந்தால் அணியலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியில் 20க்கும் மேற்பட்ட எண்கள் போய்விட்டன. 2017இல் ஜீட்டரின் 2ம் போனதும் 1 முதல் 9 வரை ஒன்றுகூட மிச்சமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் 14 எண்களோடு போதும் என்று நிறுத்திக்கொண்டது. டல்லாஸ் கவ்பாய்ஸ் எந்த எண்ணுக்கும் முறைப்படி ஓய்வு தருவதே இல்லை. பெரியவர்களின் பெயரை அரங்கத்தில் பொறித்து வைக்கிறார்கள். அங்கே யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை.

மிட்விக்கெட்:
பெய்லி கொடுத்தார், டிரிபுக்கா கொடுத்தார். சரி. கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது அவர்களுடையதாக இருக்க வேண்டுமல்லவா? ஓய்வு அறிவித்ததால்தான் அந்த உரிமை அவர்களுக்கு வந்தது. ஓய்வு இல்லையென்றால் எல்லிஸுக்கு 6 கிடைத்ததை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

பற்றாக்குறை கிரிக்கெட்டில் வராது. கெய்ல் 333 அணிந்து ஆடவில்லையா? 2023இல் அதற்கும், டிவில்லியர்ஸின் 17க்கும் ஆர்சிபி ஓய்வு கொடுத்தது. யாருக்கும் ஓர் இடைஞ்சலும் இல்லை.

ஐயா சொன்ன 'பறிபோனவர்கள்' வாதம் மனதைத் தொடுகிறது. ஆனால் அதை மட்டும் வைத்தால் இத்தாலியின் நாபோலி அணி மரடோனாவுக்கு 10ஐ விட்டுக்கொடுத்தது தவறு என்றாகிவிடும். லீக் பட்டமே வாங்கியிராத அணிக்கு 1987இலும் 1990இலும் வாங்கிக் கொடுத்தார். அவர் போன பிறகு அடுத்த பட்டத்துக்கு 2023 வரை காத்திருந்தார்கள். அந்த ரசிகர்களிடம் போய், அவர் ஆடி முடித்துவிட்டுத்தானே போனார் என்று சொல்ல முடியுமா?

பழைய ஸ்கோரர்:
நாபோலியை நான் மறுக்க மாட்டேன். அது ஓர் அணியின் வரலாற்றையே இரண்டாகப் பிரித்த மனிதர். ஆனால் அப்படிப்பட்டவர் ஓர் அணிக்கு நூறு ஆண்டில் ஒருவர் வரலாம். தலைமுறைக்கு மூன்று பேர் என்றால் எனக்கு ஒப்பவில்லை. கோலியின் 18 என்கிறீர்கள், அவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற அன்றைக்கே அறிவிக்காமல் பத்து ஆண்டு சும்மா விட்டுப் பாருங்கள். அப்போதும் அந்த எண்ணை எடுக்க இளைஞர்கள் தயங்கினால், அறிவிப்பே தேவைப்படாது.

வலைக்காவலன்:
பத்து ஆண்டு காத்திருந்தால் கோல்கீப்பரை யார் நினைவில் வைத்திருப்பார்கள் ஐயா? கோலியை மறக்க மாட்டார்கள். ஸ்ரீஜேஷுக்கு அந்த வாரமே செய்ததுதான் சரி.

ரன்னர்எண்ட்:
வலைக்காவலன் சொல்வதுதான் என் கவலையும். பெண்கள் கூடைப்பந்தில் சியாட்டில் ஸ்டார்ம் அணி 2016இல் லாரன் ஜாக்சனின் 15க்கும், 2023இல் சூ பேர்டின் 10க்கும் ஓய்வு கொடுத்தது. அமெரிக்க லீகில் சூ பேர்டு ஆடியதெல்லாம் ஒரே அணிக்கு, நான்கு பட்டம். அந்த எண் அரங்கத்தின் கூரையில் தொங்கும்போது, அதற்குக் கீழே ஆட வரும் சிறுமி 'இது யார்' என்று கேட்பாள். நினைவு அங்கே முன்பே இருந்ததால் ஓய்வு வரவில்லை, ஓய்வு கொடுத்ததால் நினைவு நிற்கிறது.

அதனால் மிட்விக்கெட், கோலி விடைபெறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மித்தாலி ஓய்வுபெற்றது 2022 ஜூனில். உங்கள் இரண்டாவது நிபந்தனைப்படி அவரைவிட அதிக காலம் இந்தியாவுக்காக ஆடிய பெண் யாரும் இல்லை. அவருடைய 3க்கு நீங்கள் ஆதரவா, இல்லையா?

மிட்விக்கெட்:
ஆதரவு. ஜூலனுக்கும் சேர்த்து.

பத்தாம்எண்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மித்தாலியின் 3ஐ ஒரு பதினெட்டு வயதுப் பெண் கேட்டு வாங்கி அணிந்து, முதல் ஆட்டத்திலேயே சதம் அடிப்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். மித்தாலியே தன் கையால் அதைக் கொடுத்தால் இன்னும் நல்லது.